பச்சை மரக்கறிகளுக்கேற்ற தயிர்த் தொடுகறி

மரக்கறி செய்கைபண்ணும் வீடுகளிலே மரக்கறி மிகுதியாக உண்ணப்படும் எனப் பிறர் எண்ணுதல் இயல்பு. உண்மை பெரும்பாலும் அவ்வாறன்று. நல்ல கரட்டும் நல்ல தக்காளியும் விடியுமுன் சாக்கிலும் பெட்டியிலும் ஏறிச் சந்தைக்குப் போய்விடுகின்றன. வெடித்தவையும் வளைந்தவையும் வீட்டிற்கு எஞ்சுகின்றன. எஞ்சியவையும் புளியும் உப்பும் சேர்த்து நெடுநேரம் வேகவைக்கப்படுகின்றன. விற்றமின் சி வெப்பத்தால் அழிவது, நீரிற் கரைவது. ஆதலின் தக்காளியிலும் கறிமிளகாயிலும் கோவாவிலும் உள்ள அச்சத்தின் கணிசமான பகுதி அடுப்பிலேயே போய்விடுகின்றது. வளைந்த கரட் சந்தைக்குத்தான் ஆகாது. உண்பதற்கு அதில் யாதொரு குறையும் இல்லை. அதனைப் பச்சையாகவே மென்று தின்னலாம்.

ஆயினும் சிறுவர் பச்சை மரக்கறியை எளிதில் விரும்புவதில்லை. முதியோரிற் பலரும் அதனை ஆட்டுத்தீனி என்று நகைப்பர். புளிப்பும் உறைப்பும் அளவான உப்பும் உடைய ஒரு தொடுகறி பக்கத்தில் இருப்பின் இந்நிலை மாறும். கடைகளிற் போத்தலில் விற்கப்படும் மயோனெய்சு எண்ணெயையும் முட்டை மஞ்சட்கருவையும் சேர்த்து அடித்த பொருளாகும். வழக்கமான மயோனெய்சின் எடையிற் பாதிக்கு மேல் எண்ணெயே உண்டு. கமக்காரர் வீட்டிற் கிடைக்கும் தயிரைக் கொண்டு இதனினும் நல்லதொன்றைச் செய்துகொள்ளலாம்.

தயிரை இறுக்குதல்

பசுப்பால், எருமைப்பால் இரண்டும் ஏற்றவை. எருமைப்பாலில் நூற்றுக்கு ஏழளவிற் கொழுப்பு இருத்தலால் தயிர் கட்டியாக உறையும். மட்டக்களப்பிலும் கிண்ணியாவிலும் மட்சட்டியில் உறைந்து வரும் எருமைத் தயிரை யாவரும் அறிவர். சட்டியின் மண் நீரை உறிஞ்சிப் புறத்தே ஆவியாக விடுதலால் அத்தயிர் மேலும் இறுகுகின்றது. பசுப்பாலில் உறைவித்த தயிர் இளகலாக இருக்கும். அதற்கு வடித்தல் கூடுதலாக வேண்டும்.

கறந்த பாலைப் பொங்கக் காய்ச்சாது உறையவிடல் ஆகாது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்க்கிருமிகள் சில பச்சைப் பாலிலே வருவன. காய்ச்சிய பால் கைபொறுக்கும் இளஞ்சூட்டிற்கு, அஃதாவது 40 பாகை செல்சியசு அளவிற்கு, ஆறியபின் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி புதுத்தயிரைக் கலந்து மூடி, அசையாத இடத்தில் வைத்தல் வேண்டும். சூடு மிகுந்த பாலில் உறைமோரை ஊற்றினால் தயிராக்கும் பற்றீரியாக்கள் இறந்துபோம். ஆறிக் குளிர்ந்த பாலில் ஊற்றினாலோ அவை மெதுவாகவே பெருகும். அதற்கிடையில் வேறு கிருமிகள் இடம்பிடித்துக் கொள்ளும். நூல்போல இழுபடும் தயிரும் கசக்கும் தயிரும் பெரும்பாலும் இவ்வாறு உண்டானவையே. அவற்றை மறுமுறை உறைமோராகப் பயன்படுத்தலாகாது.

உறைந்த தயிரை, கொதிநீரில் அவித்துப் பிழிந்த மெல்லிய வெள்ளைத் துணியிற் கொட்டி முடிந்து, ஒரு பாத்திரத்தின் மேலே தொங்கவிடுக. மூன்று நான்கு மணித்தியாலங்களில் ஏறக்குறையப் பாதியளவு நீர் வடிந்துவிடும். நம் நாட்டு வெக்கையில் தொங்கும்பொழுதே தயிர் மேலும் புளிக்கும். ஆகையால் குளிர்ப்பெட்டி உள்ளவர் அதனுள்ளே வைத்து வடித்தல் நன்று. இல்லாதவர் அன்று விடியலில் உறைந்த இளந்தயிரை உடனே கட்டிவிடுதல் வேண்டும்.

கூட்டும் முறை

ஒரு லீற்றர் பாலின் தயிரை வடித்துப் பெற்ற கட்டித்தயிருக்கு உள்ளிப் பல்லு ஒன்று, சின்ன வெங்காயம் மூன்று, பச்சைமிளகாய் ஒன்று, கொத்தமல்லித்தழை அல்லது புதினா ஒரு பிடி, வறுத்துப் பொடித்த சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகுதூள் அதே அளவு, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி என்பன போதும். உள்ளியை அம்மியில் நன்றாக அரைத்தல் வேண்டும். வெங்காயத்தையும் மிளகாயையும் அரைக்காது பொடியாக அரிதலே நன்று. வெங்காயத்தை அரைத்தாற் கசப்பு ஏறும். சிறுவருக்கெனின் பச்சைமிளகாயை விலக்கி மிளகுடன் நிறுத்துக. தயிர் புளிப்புக் குறைந்திருந்தால் மட்டும் சில துளி தேசிக்காய்ப் புளி விடலாம்.

எண்ணெய் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. கரட்டிலுள்ள கரோற்றீன் உடலிற் சேர்வதற்குச் சிறிது கொழுப்பு வேண்டும். தயிரின் கொழுப்போடு அவ்வெண்ணெயும் அதற்கு உதவும்.

உப்பு அரைத் தேக்கரண்டிக்கு மேற்பட வேண்டியதில்லை. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றிற்குக் கொள்ளத்தக்க உப்பு எல்லா உணவிலும் சேர்ந்து 5 கிராமிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியே. கருவாடும் ஊறுகாயும் உண்ணும் வீட்டில் இவ்வெல்லை விரைவில் தாண்டப்படும். மேலும் உப்பை உண்ணுமுன் கடைசியாகவே சேர்த்தல் வேண்டும். முன்னரே இட்டால் அது வெங்காயத்திலும் இலையிலுமுள்ள நீரை வெளியே இழுத்து, வருந்தி வடித்த தயிரை மீண்டும் இளக்கிவிடும். இதிலே கெக்கரிப் பிஞ்சைத் துருவிச் சேர்க்க விரும்புவோர் அதனைப் பிழிந்து சேர்க்க.

பச்சையாக உண்ணத்தக்கவை

கரட், கெக்கரிப் பிஞ்சு, தக்காளி, கறிமிளகாய், இளமுள்ளங்கி, கோவாவின் உள்ளிலை ஆகியன விரலளவாக அரிந்து தொட்டு உண்ண ஏற்றவை. போஞ்சியைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. அதிலுள்ள ஒருவகைப் புரதம் வயிற்றைக் குழப்பி வாந்தியை உண்டாக்கும். நன்றாக வேகவைத்தால் அது கெடும். எனவே போஞ்சியை அவித்து ஆறவைத்தே இத்தொடுகறியுடன் பரிமாறுக. மரவள்ளியைப் பச்சையாக உண்பதன் தீமையைக் கூறவேண்டியதில்லை.

தோட்டத்திலே கவனிக்கவேண்டியவை

பச்சையாக உண்ணும் மரக்கறியிற் பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவதற்கு அடுப்பு இல்லை. ஆதலின் இத்தொடுகறியின் நன்மை தோட்டத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது எனலாம்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவுசெய்யப்பட்ட மருந்தின் சிட்டையிலே, தெளித்தபின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்தல் வேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். கரட்டைப் போல ஒரே முறையிற் பிடுங்கும் பயிரில் இதனைக் கைக்கொள்ளல் எளிது. தக்காளி, கெக்கரி, கறிமிளகாய் ஆகியவற்றிலோ சில நாளுக்கொருமுறை காய் பறிக்கப்படுகின்றது. சிட்டை 14 நாள் என்று கூறும் மருந்தைக் காய்க்கும் பருவத்தில் தெளித்தால், இடைப்பட்ட பறிப்பெல்லாம் உண்ணவும் விற்கவும் தகாதவையாகும். அப்பருவத்திற்குக் காத்திருக்கும் நாள் குறைந்த மருந்தையே தெரிதல் வேண்டும்; பறிக்கத்தக்கவற்றை முதலிற் பறித்துப் பின்னரே தெளித்தல் வேண்டும். எதனைத் தெரிவது என்பதை உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக. வீட்டிற்கு ஒரு பாத்தி, சந்தைக்கு வேறு பாத்தி என வகுத்து, முன்னதற்கு மட்டும் மருந்து தெளியாதிருப்போர் உளர். சந்தையில் வாங்குவோரின் பிள்ளைகளும் அதே கரட்டைப் பச்சையாகவே தின்கின்றனர் என்பதை அவர்கள் நினைத்துப் பார்ப்பது நன்று.

அடுத்தது எரு. பச்சைச் சாணத்தையும் கோழி எருவையும் மண்ணோடு ஒட்டி வளரும் மரக்கறிக்கு இடுவோர், அறுவடைக்கு நான்கு மாதங்களுக்கு முன்னரேனும் இட்டு மண்ணிற் புரட்டிவிடல் வேண்டும். கரட்டும் முள்ளங்கியும் அத்துணைக் காலம் நிலத்தில் நில்லா. எனவே அவற்றிற்கு முற்ற மக்கிய கூட்டெருவே உரியது. குவியலின் உள்வெப்பம் 55 பாகைக்கு மேல் உயர்ந்து பல நாள் நிலைக்குமாறு புரட்டிப் புரட்டி மக்கவைத்தால் நோய்க்கிருமிகளும் புழு முட்டைகளும் அழியும். மனித மலம் கலந்த மண்ணில் வட்டப்புழுவின் முட்டைகள் நெடுங்காலம் உயிரோடிருக்கும். வாய்க்காலோரத்திற் கிள்ளிய வல்லாரையை அப்படியே சம்பலாக்கும் வழக்கம் இக்காரணத்தால் ஆபத்தானது.

பறித்தவற்றை ஓடும் நீரிற் கையால் தேய்த்துக் கழுவுக. குடிக்கத் தகாத நீர் கழுவவும் தகாது. ஐயமுள்ள நீராயின் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்க. கழுவுதல் மேற்பரப்பிலுள்ளதை மாத்திரமே போக்கும். பயிரின் உள்ளே ஊடுருவிய மருந்தை உப்புநீரோ மஞ்சள்நீரோ வெளியேற்றமாட்டா.

பால் கிடையாதவருக்கு

பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடையிலே வயலிற் பயறு விளைவிக்கும் கமக்காரருக்கு மற்றொரு வழி உண்டு. பயறு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முற்றும். அதன் எடையில் நூற்றுக்கு 24 அளவில் புரதம் உண்டு. ஒரு பேணிப் பயற்றை மலர அவித்து, நீரை வடித்து, உள்ளி, சீரகம், தேசிக்காய்ப் புளி, வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றுடன் மையாக அரைத்தெடுக்கலாம். இறுகினால் அவித்த நீரிற் சிறிது விடுக. இதற்குத் தயிரைப் போலப் புளிப்பின் காவல் இல்லை. ஆதலின் செய்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உண்டுவிடுதல் வேண்டும்.

தயிர்த் தொடுகறியும் குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய வேளைக்கு மட்டுமே உரியது. குளிர்ப்பெட்டியில் மூடிவைத்தால் இரண்டு நாள் நிற்கும். பச்சை உள்ளியின் காரம் மறுநாள் மிகுந்து தோன்றுமாதலால், வைத்து உண்ண எண்ணுவோர் உள்ளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்க. துணியிலிருந்து வடிந்த மஞ்சள் நீரைக் கொட்டிவிடற்க. புரதத்திற் சிறு பகுதியும் பாலின் சர்க்கரையும் உப்புக்களும் அதிலே கரைந்துள்ளன. ரொட்டிக்கு மாக் குழைக்கவும், இரசத்திற்குப் புளி குறைத்துச் சேர்க்கவும் அது உதவும்.