முயல் வளர்ப்பு: மலையில ஏன் அவ்வளவு ஈஸி இல்ல?

கொடைக்கானல் டூர் போனவங்களுக்கு மன்னவனூர் தெரிஞ்சிருக்கும். அங்க இருக்கிற மத்திய அரசு செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்துல ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் வளர்க்கிறாங்க. மலை, முயலுக்கு ஏத்த இடம்தான். முயலுக்கு நம்மள மாதிரி வியர்க்காது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினா ஆண் முயலின் இனவிருத்தித் திறனே குறையும். சினைக்காலம் சுமார் 31 நாள், ஈத்துக்கு 6 முதல் 8 குட்டி, 3 மாசத்துல ஏறக்குறைய 2 கிலோ எடை. பேப்பர்ல சூப்பர் பிசினஸ்! அப்போ சிக்கல் எங்க?

காற்று: குளிருக்குப் பயந்து கொட்டகையைச் சுத்தி தார்ப்பாய் கட்டினா, சிறுநீர்ல இருந்து வர்ற அம்மோனியா உள்ளேயே தங்கி மூச்சுக்குழாயைப் பாதிக்கும். முழுசா திறந்துவிட்டா, ரோமமே இல்லாம பிறக்கிற குட்டிகள் விறைச்சுப் போயிடும். அதனால கதகதப்பு குட்டி போடும் பெட்டிக்குள்ள இருக்கணும். கொட்டகையில மேல்பக்கம் காற்றோட்டம் இருக்கணும்.

ஈரம்: பனியில நனைஞ்ச புல்லை அப்படியே போட்டா வயிறு உப்பும், கழிச்சல் வரும். ஈரத்துல காக்சிடியா ஒட்டுண்ணியும் பரவும். புல்லை வாட்டிப் போடணும். எச்சம் கீழே விழற மாதிரி கம்பி வலைத் தரை வேணும்.

நோட்டு: இணை சேர்த்த தேதியை எழுதி வெச்சாதான் 28வது நாள் பெட்டியை வைக்க முடியும். மறந்தா, குட்டிகள் கம்பி மேலேயே பிறந்து செத்துப்போகும். எது எதோட குட்டின்னு எழுதலைன்னா, கூடப்பிறந்ததுகளே இணை சேர்ந்து அடுத்த தலைமுறை பலவீனமாகும்.

சந்தை: தீவனம் மலை ஏறணும், முயல் மலை இறங்கணும், ரெண்டுக்கும் வண்டி வாடகை. போதாததுக்கு, "முயல் விற்றா கேஸ் ஆயிடுமே" என்கிற பயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது காட்டு முயல் வேட்டையை. பண்ணை முயல் வேற இனம். வாங்க ஆள் வரலைன்னா, வளர்ந்த முயல் தினமும் தீவனம் தின்னுட்டே இருக்கும். குழுவுல கடன் வாங்கின அக்காவுக்கு வட்டி நிக்காது.

அடுத்து நீங்க "ஸ்மார்ட் முயல் கூண்டு" ப்ராஜெக்ட் பண்ணா, சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி இந்த நாலையும் யோசிங்க. அங்க முதல் தேவை ஒரு நோட்டும், நம்பிக்கையா வாங்குற ஒரு வியாபாரியும்தான்.