கான்டெஸாவுக்கு எந்த கியர் பாக்ஸ்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் போல்ட், நட்டு, கயிறு, சங்கிலி எதற்கும் பஞ்சமில்லை. பழைய கான்டெஸாவுக்கு கியர் பாக்ஸ் கேட்டால்தான் பழைய இரும்பு விற்கும் ஆக்ரிக்கடைப் பக்கம் கை காட்டுவார்கள், இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டைக்குப் போகச் சொல்வார்கள். அமெரிக்காவில் அறுபதுகளின் மஸ்டாங், கமாரோ வைத்திருப்பவர்களுக்கு ட்ரெமெக் போன்ற நிறுவனங்கள் ஐந்து கியர் பெட்டிகளைப் புதிதாகவே செய்து விற்கின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்தியாவின் 'மஸில் கார்' என்று ரசிகர்கள் கொண்டாடும் கான்டெஸாவை, பிரிட்டனின் வாக்ஸால் வண்டியை அடியொற்றி எண்பதுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்தது. உடம்புதான் பெரிது, உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், நான்கு கியர். பிறகு 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தபோதுதான் வண்டி தோற்றத்துக்கேற்ப ஓடியது. 2002இல் உற்பத்தி நின்றது.

ஐந்தாவது கியரால் என்ன லாபம்? ஒரு கணக்கு போடுவோம். சக்கரம் ஒரு சுற்றில் 2 மீட்டர் போகிறது, பின்னச்சின் விகிதம் 4.5 என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் நேர் விகிதமுள்ள நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும். ஐந்தாவதன் விகிதம் 0.85 ஆனால் 2550 போதும். சத்தமும் பெட்ரோலும் குறையும். ஆனால் இது இழுவை உள்ள எஞ்சினுக்குத்தான். பழைய 1489 சி.சி. எஞ்சினோடு இந்த ஊர் மேடு பள்ளத்தில் ஓட்டுபவருக்கு ஐந்தாவது கியர் பெரும்பாலும் அலங்காரம்தான்.

ஆக, கியர் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பெல் ஹவுசிங்: அதன் துளைகள் எஞ்சினின் பின்முகத்தோடு பொருந்துகின்றனவா? இசுசு என்ற பெயர் ஒன்றுதான் என்பதற்காக, டீசல் வண்டியின் பெட்டி பெட்ரோல் எஞ்சினில் உட்காரும் என்று நம்பி வாங்கக் கூடாது. அடுத்தது, பெட்டியிலிருந்து நீளும் இன்புட் ஷாஃப்டின் மூக்கு. அது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள சிறிய புஷ்ஷுக்குள் போய் உட்கார வேண்டும். மூக்கின் நீளத்தையும் குழியின் ஆழத்தையும் வெர்னியரால் அளந்து பார்க்காமல், 'இறுக்கினால் சேர்ந்துவிடும்' என்று போல்ட்டை முறுக்கும் மேஸ்திரி கையில் ஹவுசிங்கே வெடித்துவிடும். கிளட்ச் பிளேட் விஷயத்தில் ஒரு சூத்திரம் உண்டு: வெளிவட்டம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுப்பல் புதுப் பெட்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் ஒரே பிளேட்டில் அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புதுப் பெட்டியின் நீளம் மாறினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டியோ நீட்டியோ சேர்க்க வேண்டியிருக்கும். அதை லேத்தில் கொடுத்து பேலன்ஸும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் வேகம் கூடியதும் தரையே அதிரும். லீவர் எழும் இடம் தள்ளிப்போனால் தரைத் தகட்டையும் வெட்ட வேண்டிவரும். ஸ்பீடோமீட்டர் கேபிள் தனிச் சில்லறை வேலை.

பழைய பெட்டியை வாங்கும்போது ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு நிறைய தெரிந்தால் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிட்டன. கருத்த உலோகத் துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ போயிருக்கிறது. விலை எவ்வளவு மலிவானாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

பெட்டியோடு எஞ்சினையும் மாற்ற எண்ணினால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணே மாறும். ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019இல் உச்ச நீதிமன்றம் கறாராகத் தீர்ப்புச் சொன்னது.

கியர் பாக்ஸுக்கு மட்டும் விலை பேசாதீர்கள். பெல் ஹவுசிங், கிளட்ச், ஷாஃப்ட், லீவர், மவுண்ட் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாகக் கழற்றித் தரச் சொல்லுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசு லேத் கூலியிலேயே மிச்சமாகிவிடும்.