வாடகை வில்லாவில் ஒரு வாரம்: இலங்கைக் கடற்கரை விடுமுறை

வெளிநாட்டு விடுமுறைக்கு ஓட்டல் அறைகளை விட்டுவிட்டு, சமையலறையோடு ஒரு முழு வீட்டையே சில நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். பிரான்சில் கிராமத்து வீடுகளைப் பயணிகளுக்கு விடுவதற்கென்றே 1955-ல் ஒரு கூட்டமைப்பு உருவாகிவிட்டது. ஏர்பிஎன்பி போன்ற இணையதளங்கள் வந்தபின் இந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. ஐயப்பன்தாங்கல், போரூர் வட்டாரத்து அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு இதற்கு மிக அருகில் இருக்கும் வெளிநாடு இலங்கை. மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் கத்திப்பாரா போய் மீனம்பாக்கம் சேர்ந்தால், கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானப் பயணம்தான். யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சென்னையிலிருந்து விமானம் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பலும் தொடங்கியது. ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

வீட்டைத் தேடுவதற்கு முன் மாதத்தைப் பார்க்க வேண்டும். விளம்பரப் படங்களில் வரும் வில்லாக்களில் பெரும்பகுதி பெந்தோட்டை, ஹிக்கடுவை, காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தென்மேற்குக் கரையில் இருப்பவை. அங்கே வெயிலும் அமைதியான கடலும் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடும் மே மாதத்தில் அந்தக் கரையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும்; கடலும் கொந்தளித்து நீரோட்டம் ஆளை உள்ளே இழுக்கும். அந்த மாதங்களில் வாடகை பாதியாகக் குறைவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை வெயில் அடிப்பது கிழக்குக் கரையில்: திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, இன்னும் தெற்கே பாசிக்குடா, அறுகம்குடா. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு தேசியப் பூங்காவில் பவளப்பாறை மீன்களை முகமூடி போட்டு மிதந்தபடியே பார்க்கலாம். திருகோணமலை நகரில் கோணேசுவரம் கோயில், அருகே கன்னியா வெந்நீரூற்று, கடைத்தெருவில் தமிழ். கோடை விடுமுறைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரை வேறில்லை. அரையாண்டு விடுமுறைக்குத் தென்மேற்கு சரியானது. ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் வாடகை உச்சத்தில் இருக்கும். குறைந்தது இத்தனை இரவுகள் தங்கவேண்டும் என்ற நிபந்தனையும் போடுவார்கள்.

ஏப்ரல் 14-ஐ ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்காக அங்கே பல கடைகள் சில நாட்கள் மூடியிருக்கும். வில்லா வேலையாட்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’ விடுமுறை. அன்று மதுவும் கிடைக்காது, இறைச்சியும் கிடைக்காது.

இலங்கை வில்லாக்களில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. பல வீடுகள் சமையல்காரரோடுதான் வாடகைக்கு வருகின்றன. மளிகைச் செலவை மட்டும் குடும்பம் ஏற்றுக்கொண்டால், அவர் சந்தைக்குப் போய் மீன் வாங்கிவந்து சமைத்துவிடுவார். கிளம்பும்போது அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். ஐரோப்பாவில் இது பெரும் பணக்கார வில்லாக்களில்தான் நடக்கும். தாங்களே சமைத்துக்கொள்ளும் விடுமுறை என்று பெயர் சொல்லி, வீட்டில் அடுப்படியில் நிற்கும் பெண்ணையே வெளிநாட்டிலும் அடுப்படியில் நிறுத்துவது விடுமுறை ஆகாது. அதனால் சமையல்காரர் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை. காலை இட்லிக்கும் குழந்தையின் ரசச் சாதத்துக்கும் மட்டும் நாம் அடுப்பைத் தொட்டால் போதும்.

அதற்கும் அனுமதி வேண்டும். சில வில்லாக்களில் சமையலறை வேலையாட்களுக்கு மட்டும். விருந்தினருக்கு ஒரு கெட்டிலும் ஃபிரிட்ஜும்தான். நாங்களே சமைக்கலாமா, எத்தனை பர்னர், குக்கர் உண்டா, மிக்சி உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே புதிய வீடுகளில் சதுரக் கால்கள் கொண்ட 13 ஆம்பியர் பிளக். ஊரிலிருந்து கொண்டுபோகும் மிக்சியின் உருண்டைக் கால் அதில் நுழையாது, அடாப்டர் தேவை. கறிவேப்பிலை, தேங்காய், சம்பா அரிசி எல்லாம் தாராளம். பருப்பு என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் மைசூர்ப் பருப்பு. சிங்களக் கரையோர ஊர்களில் துவரம்பருப்பைத் தேட வேண்டியிருக்கும். சாம்பார் இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு கிலோ கையோடு எடுத்துப் போகலாம். ஊறுகாயைச் செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும். பச்சைக் காய், பழம், செடி, விதை வேண்டாம். அவற்றுக்கு அங்கே தாவரப் பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு.

வீட்டின் அமைப்பும் நம் ஃபிளாட்டைப் போல இராது. பெந்தோட்டை அருகே லுணுகங்கை தோட்டத்தை 1948-ல் வாங்கிய கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பாணி அங்கே ஆழமாக ஊன்றியிருக்கிறது: ஓட்டுக் கூரை, முற்றம், சுவரில்லாத திறந்த கூடம். அழகுக்குக் குறைவில்லை, கொசுவுக்கும் குறைவில்லை. ஏசி பெரும்பாலும் படுக்கையறைகளில் மட்டும். நீச்சல்குளம் இருந்தால் அதற்குத் தடுப்பு வேலி உண்டா, ஆழம் எவ்வளவு என்று சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்; வில்லாவில் உயிர்காப்பாளர் யாரும் இருக்கமாட்டார்.

வாடகை பெரும்பாலும் டாலரில் சொல்லப்படும். 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வாட் வரியும் அதில் அடங்கியதா, தனியா என்பதில் கணிசமான தொகை மாறும். விலையைப் பார்க்கும்போது நாணயத்தையும் பார்க்க வேண்டும். ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் மேல் இலங்கை ரூபாய். 2024 பிப்ரவரி முதல் யுபிஐ அங்கேயும் செல்லும் என்றாலும், மீன்காரரிடம் ரொக்கம்தான். இணையதளத்தில் வீட்டைக் காட்டிவிட்டு, ‘நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் பணம் கட்டக்கூடாது. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வில்லா, பங்களா, ஹோம்ஸ்டே எல்லாவற்றையும் தனித்தனி வகைகளாகப் பதிவு செய்கிறது. பதிவு எண்ணைக் கேட்டால் நேர்மையான உரிமையாளர் தயங்கமாட்டார். வீட்டுக்குள் போனவுடன் உடைந்தது, கீறல் விழுந்தது எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டால், முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது வாக்குவாதம் வராது.

விசாவுக்குப் பதிலான இணைய அனுமதியை அரசின் ஈடிஏ தளத்தில் மட்டும் எடுக்க வேண்டும். அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு. இந்தியர்களுக்கான கட்டணச் சலுகை அவ்வப்போது மாறுவதால், கிளம்பும் மாதத்து விதியைப் பார்ப்பதே சரி. பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதமிருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர்களுக்குப் பாஸ்போர்ட் சேவை மையம் பக்கம்தான்.

இரண்டு பேர் மூன்று நாள் போவதற்கு வில்லா வீண் செலவு, ஓட்டலே போதும். தாத்தா பாட்டியோடு இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எட்டுப் பத்துப் பேர் ஐந்து இரவாவது தங்குவதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.