ஒலிக்கு வரம்பு கட்டுதல்

மாசி, பங்குனித் திங்கள்களில் நம் கொங்குநாட்டு ஊர்கள் பலவற்றில் மாரியம்மனுக்கு நோன்பு சாட்டிக் கம்பம் நடுவர். மாணாக்கர்க்கு அதுவே தேர்வுக் காலமுமாகும். உயரக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் ஓசையோ, விழாவுக்கு வந்தோர் செவியோடு நில்லாது, நோயாளியின் கட்டிலையும் படிப்போனின் விளக்கடியையும் சென்று தாக்குகின்றது. ஒலியை வேண்டிய இடத்துக்கு மட்டும் செலுத்துதல் இயலாதோ? பெரிதும் இயலும் என்பதற்குத் தட்டைப் பலகை ஒலிபெருக்கியே சான்றாகும். அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உக்கடம் பெரியகுளத்தில் ஒரு கல்லை எறிவோமாயின், அலை வட்டமாய் நாற்புறமும் பரவும். நீண்ட மூங்கிலொன்றை நீர்மேற் கிடத்தி முன்னே தள்ளுவோமாயின், அலை நேர்வரிசையாய் முன்னோக்கிச் செல்லும். சிறிய ஒலிபெருக்கி கல்லைப் போன்றது. பலகை மூங்கிலைப் போன்றது. பலகையில் நெருங்கப் பதித்த சிறு ஒலிவாய்கள் பலவும் ஒருங்கே அதிர்கின்றன. நேர்முன்னே அவற்றின் அலைகள் முகட்டோடு முகடு சேர்ந்து வலுக்கின்றன. பக்கங்களிலோ ஒன்றன் முகடு மற்றொன்றன் பள்ளத்தோடு கூடி மெலிகின்றது.

அற்றேல், எல்லா ஒலியையும் இங்ஙனம் குவிக்கலாமோ எனின், அன்று. பலகை அலைநீளத்தினும் பன்மடங்கு அகன்றிருத்தல் வேண்டும். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வது. ஆதலின் வினாடிக்கு 3,400 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். 1 மீட்டர் அகலமுள்ள பலகை அதன் பெரும்பகுதியை இருபுறமும் சுமார் 6 பாகைக்குள் அடக்கும். 100 அதிர்வுடைய ஆழ்ந்த ஒலிக்கோ அலைநீளம் 3.4 மீட்டர், உறுமியின் முழக்கம் பலகைக்கு அடங்காதது இதனாலேயே.

இத்தடையைக் கடக்க மற்றொரு வழியும் உண்டு. செவிக்கெட்டாத 40,000 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் 8.5 மில்லிமீட்டரே, சிறு பலகையும் அதனைக் கூர்மையாய்ச் செலுத்தும். அதன்மேல் பேச்சை ஏற்றி வலுவாய் அனுப்பினால், செல்லும் வழியில் காற்றே அப்பேச்சைப் பிரித்து வெளிப்படுத்தும். இக்கொள்கையை 1963ஆம் ஆண்டில் வெஸ்டர்வெல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் வெளியிட்டார். 1983இல் ஜப்பானிய அறிஞர் சிலர் அதனைக் கொண்டு ஒலிபெருக்கி சமைத்துக் காட்டினர். எனினும் இதிலும் ஆழ்ந்த ஒலிகள் மெலிந்தே கேட்கும்.

1902இல் திறக்கப்பெற்ற நம் கோவைக் காஸ் வன அருங்காட்சியகம் போன்றதோர் இடத்தில், காட்சிப்பேழையொன்றின் மேல் இத்தகைய பலகையைத் தொங்கவிடுவதாகக் கொள்வோம். கீழே நிற்பார்க்கு விளக்கம் தெளிவாய்க் கேட்கும். அடுத்த பேழையருகே அமைதி பெரும்பாலும் குலையாது. வெறுந்தரை ஒலியை எதிரொலிக்குமாதலின், அடியில் தடித்த விரிப்பு இடுதல் நலம். விழாக்களிலும் ஒலிபெருக்கியை ஊர்நோக்கி உயர்த்தாது, கூட்டத்தை நோக்கித் தாழ்த்தி அமைத்தல் தகும்.

இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி இயக்குவதை 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. சட்டம் காலத்துக்கும் அளவுக்கும் வரம்பு கட்டியது. திசைக்கு வரம்பு கட்டுவது அறிவியல். நொய்யல் நீரை வாய்க்கால் வெட்டி வேண்டிய வயலுக்கே பாய்ச்சிய நாட்டார் நாம். ஒலியையும் அவ்வாறே பாய்ச்சக் கற்போமாயின், கொண்டாடுவோர் மகிழ்வும் படிப்போர் அமைதியும் ஓரூரில் ஒருங்கே வாழுமன்றோ!