எந்த நாட்டில் எந்த எண்?
ஆபத்து வேளையில் உயிர் காக்கும் டெலிபோன்

லண்டன் நகரில் விம்போல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. டாக்டர்கள் நிறைந்த தெரு. 1935-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அங்கே ஒரு டாக்டரின் வீடு தீப்பற்றி எரிந்தது.

அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய் டெலிபோனை எடுத்தார். "0" என்ற எண்ணைச் சுழற்றினார். அந்தக் காலத்தில் தீயணைப்புப் படை வேண்டும் என்றாலும் டெலிபோன் நிலையத்து ஊழியர்தான் இணைப்புக் கொடுக்கவேண்டும். ஆனால் ஊழியர் உடனே பேசவில்லை. மற்ற அழைப்புகளோடு இவருடைய அழைப்பும் வரிசையில் நின்றது!

அந்தத் தீயில் 5 பெண்கள் மாண்டார்கள்.

டெலிபோன் செய்தவருக்கு மனம் ஆறவில்லை. நடந்ததை எல்லாம் பத்திரிகைக்கு எழுதினார். ஊரே பேசியது. அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. அதன் பலனாக 1937-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி லண்டனில் "999" பிறந்தது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் டெலிபோன் நிலையத்தில் சிவப்பு விளக்கு எரியும். மற்ற அழைப்புகளை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

ஏன் 999?

பழைய டெலிபோனில் வட்டமான சுழற்சித் தட்டு இருக்கும். அதில் கடைசித் துளை 0. அதற்கு முந்தியது 9. இருட்டானாலும், கண்ணைப் புகை மறைத்தாலும், விரலால் தடவி அந்தத் துளையைக் கண்டுபிடித்துவிடலாம்.

நியூசிலாந்தில் ஒரு வேடிக்கை. அங்கே தட்டில் எண்கள் தலைகீழாக இருந்தன. லண்டனில் 9 இருக்கும் இடத்தில் அங்கே 1 இருந்தது. ஆகவே 1958-ம் ஆண்டு அங்கே வந்த எண் "111".

அமெரிக்காவுக்கு இந்த யோசனை வர 31 ஆண்டுகள் ஆயின. 1968-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் "911" மணி அடித்தது. நகர மண்டபத்தில் இருந்து பேசினார்கள். போலீஸ் நிலையத்தில் ஒரு சிவப்பு டெலிபோனில் கேட்டார்கள்.

நம் நாட்டில் "108" ஆம்புலன்ஸ் 2005-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி ஐதராபாத்தில் ஓடத் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008-ம் ஆண்டு வந்தது. கட்டணம் கிடையாது.

எண் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. "இது ஆபத்து" என்று தெரியவேண்டும். அதுதான் முதல் படி.

"வாயுத் தொல்லை" என்று இருந்துவிடாதீர்கள்!

நள்ளிரவு. வீட்டுப் பெரியவர் எழுந்து உட்காருகிறார். "நெஞ்சை அழுத்துகிறது" என்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது. "வாயுவாக இருக்கும். ஓமத் தண்ணீர் கொடு. காலையில் டாக்டரிடம் போகலாம்" என்கிறார். மருமகள் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

இப்படிக் காலையைப் பார்க்காமலே போனவர்கள் எத்தனை பேர்!

நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம். அது தோளுக்கும், கைக்கும், தாடைக்கும் பரவுதல். குளிர்ந்த வேர்வை. மூச்சுத் திணறல். இவை மாரடைப்பின் அடையாளங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியவர்களுக்கும் வலியே இல்லாமலும் வரலாம். வெறும் மூச்சு வாங்கலும் சோர்வும்தான் இருக்கும். சில நிமிடங்களில் குறையவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடவேண்டும். மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்கார வைத்து அழைத்துப் போகக்கூடாது. அந்த வண்டியில் ஆக்சிஜன் கிடையாது. முதல் உதவி தெரிந்த ஆளும் கிடையாது.

முகம், கை, பேச்சு

பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள்.

சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?

இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தானாகக் கீழே விழுகிறதா?

ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். நாக்குக் குழறுகிறதா?

மூன்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக்கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். எல்லாருக்கும் அது ஏற்றதல்ல. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஆகவே தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. வாயில் தண்ணீரோ, மாத்திரையோ, சோடாவோ ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும்.

சாவி வேண்டாம், கயிறு வேண்டாம்

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர் வழக்கம். அதனால் வலிப்பு நிற்காது. தானாக நிற்கும் நேரத்தில் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள கல், மேஜை முதலியவற்றை அகற்றுங்கள். வலிப்புத் தணிந்ததும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், அடுத்தடுத்து வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும் ஆம்புலன்ஸ் வேண்டும்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கத்தியால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது.

ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் விழுந்து, சரியாக மூச்சும் விடவில்லை என்றால்? முதலில் டெலிபோன். பிறகு அவருடைய நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேகமாக அழுத்தவேண்டும். 2 அங்குலம் அமுங்கவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது. பல நாடுகளில் டெலிபோனில் பேசுகிறவரே எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுப்பார்.

வெளிநாட்டில் இருந்தால்?

இன்று மகன் துபாயில் இருக்கிறான். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கத் தாயும் தகப்பனும் விமானம் ஏறுகிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின், அடுக்குமாடி வீட்டில் வயதானவர்கள் இருவரும் தனியாக இருப்பார்கள். அங்கே போய் 108-ஐச் சுழற்றினால் நம் ஊர் ஆம்புலன்ஸ் வராது. அந்த நாட்டு எண்ணைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆம்புலன்சுக்கு உரிய எண்கள் இவை:

இந்தியா: 108 (எல்லா உதவிக்கும் 112)
இலங்கை: 1990
சிங்கப்பூர்: 995
மலேசியா: 999
ஐக்கிய அரபு நாடுகள்: 998
சவூதி அரேபியா: 997
குவைத்: 112
கத்தார், பஹ்ரைன்: 999
ஓமன்: 9999
இங்கிலாந்து: 999
ஐரோப்பிய ஒன்றிய நாடுகள்: 112
அமெரிக்கா, கனடா: 911
ஆஸ்திரேலியா: 000
நியூசிலாந்து: 111
ஜப்பான்: 119

ஒரு எண்ணை மற்றொரு நாட்டில் நம்பிவிடாதீர்கள். மலேசியாவில் 999 என்றால் ஆம்புலன்சும் வரும். பாலம் கடந்து சிங்கப்பூருக்குள் வந்தால் 999 போலீசின் எண். ஜப்பானில் 119 ஆம்புலன்சைக் கொண்டுவரும். இலங்கையில் 119 போலீசுக்குப் போகும்.

பிரான்சு நாட்டில் 112-ஐத் தவிர 15 என்ற எண்ணும் உண்டு. அதில் கூப்பிட்டால், நோயாளிக்கு என்ன தேவை என்பதை அங்குள்ள டாக்டரே முடிவு செய்வார். நோய் கடுமையாக இருந்தால் ஆம்புலன்சிலேயே ஒரு டாக்டர் வருவார்.

என்ன பேசுவது?

பதற்றத்தில் பலர் "சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு டெலிபோனை வைத்துவிடுகிறார்கள். எங்கே வருவது?

முதலில் இடத்தைச் சொல்லுங்கள். தெரு, வீட்டு எண், எத்தனையாவது மாடி என்பதைச் சொல்லுங்கள். கிராமம் என்றால் பக்கத்தில் உள்ள கோவில், பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம் ஏதாவது ஒன்றை அடையாளமாகச் சொல்லுங்கள். பிறகு என்ன நேர்ந்தது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர்கள் "வைக்கலாம்" என்று சொல்லும்வரை டெலிபோனை வைக்காதீர்கள். ஒருவர் வாசலில் நின்று வண்டிக்குக் கை காட்டட்டும். இரவானால் விளக்கைப் போட்டு வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாதே என்று பயப்படவேண்டாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரை டெலிபோனிலேயே இணைப்பார்கள். "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் அவர்களுக்கு வழி பிறக்கும். அமெரிக்காவில் ஆம்புலன்சுக்குப் பிறகு பில் வரும், உண்மைதான். அதற்காகத் தயங்காதீர்கள். புறப்படும் முன்பே மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால்? அங்கிருந்து 108-க்குப் பேச முடியாது. அதற்கு ஒரு வழி, பக்கத்து வீட்டு டெலிபோன் எண்ணை முன்பே வாங்கி வைத்துக்கொள்வதுதான். தூரத்தில் இருக்கும் மகனைவிட அண்டை வீட்டுக்காரர்தான் அந்த நேரத்தில் கை கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். ஆம்புலன்ஸ் எண், வீட்டு விலாசம், பக்கத்து வீட்டு எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த சிறுவனையும் சிறுமியையும் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் கை நடுங்கி நிற்கும் நேரத்தில், அந்தக் குழந்தையின் விரல்தான் உங்களைக் காப்பாற்றப் போகிறதோ, யார் கண்டது?