உங்களுக்குத் தெரியுமா? எருத்தேன்பதியிலிருந்து கல்லூரிக்கு

● கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ் பேசும் எல்லையோர ஊராட்சி எருத்தேன்பதி. இவ்வூர்ப் பிள்ளைகள் தமிழ் இலக்கியம் படிக்க எல்லை தாண்ட வேண்டியதில்லை. 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் முதுகலைவரை தமிழ் உண்டு. இடுக்கி மாவட்டத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூணாறு அரசுக் கல்லூரி இருக்கிறது.

● தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரச் சொல்லும் 350அ பிரிவு, 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. கல்லூரியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழில் எழுதலாம். அதற்குப் பிறகு பாடநூல் ஆங்கிலம், ஆசிரியர் விளக்குவது மலையாளம். நன்றாகப் படித்த பிள்ளையும் தடுமாறுவது இங்கேதான். சேர்க்கைக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. எல்லையோரக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்குத் தமிழில் விளக்கும் துணை வகுப்புகள் கட்டாயம் வேண்டும்.

● எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் சலுகைகளும் மாறிவிடும். தமிழ்நாடு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5 சதவீத மருத்துவ உள்ஒதுக்கீடும் (2020), மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022) தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானவை. கேரள அரசுப் பள்ளியில் தமிழிலேயே படித்தவர் கோவைக் கல்லூரியில் சேர்ந்தாலும் இவை கிடைக்காது.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். எரவாளர் மக்கள் இரு மாநிலப் பழங்குடிப் பட்டியல்களிலும் இருக்கிறார்கள். ஆனாலும் கேரளத்தைச் சொந்த ஊராகக் கொண்டவர் தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டைக் கோர முடியாது. ஒரே சமூகம், ஒரே வறுமை. நடுவில் ஒரு கோடு. இரு அரசுகளும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய அநீதி இது.

● பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிமுறைகள், சாதி, மதம், பாலினம், உடற்குறை இவற்றோடு மொழியின் பெயரால் காட்டும் பாகுபாட்டையும் தடை செய்கின்றன. முறையிடக் கல்லூரியில் சம வாய்ப்புப் பிரிவும் தனி அலுவலரும் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அவர் யாரென்று கேட்டு வையுங்கள்.

● அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடமும், ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு (2016ஆம் ஆண்டுச் சட்டம்). திருநர் மாணவர்களுக்குக் கலை, அறிவியல் கல்லூரிப் படிப்புகளில் இரண்டு கூடுதல் இடங்களை 2018இல் கேரளம் அறிவித்தது.

● கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இன்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். உதவித்தொகை தாமதமா? தமிழில் எழுதிப் போடுங்கள்.