செல்ல எலியைக் குளிப்பாட்டலாமா? நாற்றம் எலியிடமா, கூண்டிலா?

2018 ஜனவரி கடைசியில் ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? பெரு நாட்டில் எடுக்கப்பட்டது. தொட்டிக்குள் எலி மாதிரி ஒரு பிராணி, பின்னங்காலில் நிமிர்ந்து நின்றுகொண்டு, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, முன்கைகளால் அக்குள், வயிறு என்று தேய் தேய் என்று தேய்க்கும். ‘நம்மளை விட நல்லா குளிக்குதே’ என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் ஃபார்வர்டு செய்தோம்.

கொஞ்ச நாளில் உயிரியலாளர்கள் சிலர் விளக்கம் கொடுத்தார்கள். அது குளித்து மகிழவில்லை; ரோமத்தில் ஒட்டிய சோப்பை எப்படியாவது அகற்றத் தவிக்கிறது என்றார்கள். அது எலியே இல்லை, ‘பகரானா’ என்ற தென் அமெரிக்கக் கொறிவிலங்கு என்றும் சிலர் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும், நாம் ரசித்தது ஒரு பிராணியின் அவஸ்தையை.

இன்றைக்கும் ரீல்ஸில் அதே காட்சி வேறு வடிவில் வருகிறது. கிச்சன் சிங்க்கில் செல்ல எலி, தலையில் நுரை, பின்னணியில் பாட்டு. பார்த்துவிட்டு, புதிதாக எலி வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “வாரத்துக்கு எத்தனை தடவை குளிப்பாட்டணும்?”

பதில்: பொதுவாக ஒரு தடவைகூட வேண்டாம். ஆரோக்கியமான எலி ஆயுள் முழுக்க ஒரு குளியல்கூட இல்லாமல் சுத்தமாகவே இருக்கும். அப்புறம் எதற்கு இவ்வளவு நீளக் கட்டுரை என்றால், குளிப்பாட்டியே ஆகவேண்டிய சில நேரங்கள் உண்டு. அதைவிட முக்கியமாக, எலி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வதை நிறுத்தும் நாள் ஒன்று வரும். அதைக் கவனிக்கத் தெரியாவிட்டால் எலியை இழக்க நேரிடலாம்.

முதலில், இது எந்த எலி?

செல்லப் பிராணிக் கடைகளில் கிடைப்பது, சாக்கடையில் ஓடும் பழுப்பு எலியின் வளர்ப்பு வாரிசு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ராணி விக்டோரியாவின் எலி பிடிப்பவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஜாக் பிளாக், பிடித்த எலிகளில் விநோத நிறம் கொண்டவற்றைக் கொல்லாமல் வளர்த்து விற்றார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் சுண்டெலிக் கண்காட்சி ஒன்றில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. இன்னொரு பக்கம் ஆய்வகங்களுக்காக எலிகளை வளர்த்தார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உருவான ‘விஸ்டார்’ எலி உலகப் புகழ் பெற்றது. சிவப்புக் கண், வெள்ளை ரோமம் என்றாலே நமக்கு ஆய்வகம் நினைவுக்கு வருவது அதனால்தான்.

இடையில் ஒரு விஷயம். வீட்டில் பெரியவர்கள் “எலி வளர்த்தா வீடே நாறும்” என்று சொல்வார்கள் இல்லையா? அவர்கள் மனதில் இருக்கும் அந்தக் காட்டமான வாடை பல சமயம் மூஞ்சூறுடையது. நீள மூக்கோடு சுவர் ஓரமாக ஓடும் மூஞ்சூறு எலி இனமே கிடையாது. பூச்சி தின்னும் வேறு குடும்பம். உடலில் வாசனைச் சுரப்பி உண்டு. அந்தப் பழியை எலி சுமக்கிறது.

எலியின் சொந்தக் குளியல்

எலி விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னைச் சீர்படுத்திக்கொள்ளவே செலவிடுகிறது. அதுவும் கண்டபடி அல்ல, ஒரு வரிசையில். முதலில் முன்கைகளை நக்கி மூக்கைச் சுற்றி வட்டம் போடும். பிறகு மீசை, முகம். அடுத்து காதுக்குப் பின்னால் வரை இரண்டு கைகளையும் கொண்டுபோய் இழுக்கும். கடைசியாகத் திரும்பி உடம்பை நக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெர்ரிட்ஜ் இந்த வரிசையை வருடக்கணக்கில் ஆராய்ந்தவர். மூளை ஒரு செயலை எப்படி அடுக்கி நிகழ்த்துகிறது என்பதைப் புரிந்துகொள்ள எலியின் ‘முகம் கழுவல்’ அறிவியலுக்கு உதவியது.

கைக்கு எட்டாத இடங்களான பிடரி, தோள் எல்லாவற்றையும் கூட இருக்கும் எலி நக்கிக் கொடுக்கும். எலியைத் தனியாக வளர்க்கக் கூடாது, குறைந்தது இரண்டாவது வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். (ஒரே பாலினத்தில் இரண்டு. இல்லையென்றால் சில வாரங்களில் பன்னிரண்டாகும்.)

இந்த நக்கலில் வேறு வேலையும் நடக்கிறது. எலிக்கு வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாது. வெயிலில் எச்சிலை ரோமத்தில் பூசி, அது ஆவியாகும்போது குளிர்ச்சி பெறும். ரோமமில்லாத வால் வழியாகவும் சூட்டை வெளியேற்றும்.

அப்போ நாத்தம் எங்கிருந்து வருது?

பெரும்பாலும் கூண்டிலிருந்து. எலியின் சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. கழிவறையில் மூக்கைத் துளைக்கும் அதே வாயு. நீங்கள் நின்றுகொண்டிருக்கும் உயரத்தில் அந்த வாடை வருவதற்கு முன்பே, தரையோடு மூக்கு வைத்துத் தூங்கும் எலி அதை நாள் முழுக்கச் சுவாசித்திருக்கும்.

இது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல. செல்ல எலிகளில் மிகப் பெரும்பாலானவை ‘மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ்’ என்ற சுவாசக் கிருமியைப் பிறந்ததிலிருந்தே சுமப்பவை. பல நாள் அது சும்மா கிடக்கும். அம்மோனியா கூடினால் அந்த நோய் முற்றுகிறது என்பதை 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வாடை வருகிறதே என்று எலியைக் குளிப்பாட்டிவிட்டு, ஈரமான உடம்போடு அதே கூண்டில் விட்டால் நிலைமையை நினைத்துப் பாருங்கள். உடம்பு சின்னது, ஈரத்தில் சூடு வேகமாக இறங்கும். பயம், குளிர், அம்மோனியா மூன்றும் ஒரே நாளில்.

இன்னொன்று: குளித்த எலிக்குத் தன் வாசனையே தெரியாது. அடையாளம் போச்சு. உடனே கூண்டு முழுக்கச் சிறுநீர்த் துளிகளால் மறுபடி ‘கையெழுத்து’ போட ஆரம்பிக்கும். கூண்டை ஒரேயடியாகத் துடைத்து எடுத்தாலும் இதே கதைதான். அதனால் ஈரமான மூலையைத் தினமும் எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை முழுச் சுத்தம் செய்யும்போது, பழைய துணி அல்லது காகிதத்தில் காய்ந்த துண்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வையுங்கள். தட்டுகளில் படியும் சிறுநீர்க் கறைக்கு, தண்ணீர் கலந்த வினிகர் போதும். ஃபினாயில் வேண்டாம், அந்துருண்டை பக்கத்திலேயே கூடாது. கண்ணாடித் தொட்டியை விட, காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டு நல்லது. அடியில் போட பைன், தேவதாரு மரச்சீவலைத் தவிருங்கள். அவற்றின் வாசனைப் பொருட்கள் கல்லீரலைத் தொந்தரவு செய்வது 1960களிலேயே ஆய்வகங்களில் கண்டறியப்பட்டது. கிழித்த காகிதம், பருத்தித் துணி போதும்.

ஆண் எலியின் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அழுக்கு என்று நினைக்காதீர்கள். ஆண் ஹார்மோனால் சுரக்கும் எண்ணெய் அது. தேய்த்துக் கழுவினாலும் மறுபடி வரும்.

குளிப்பாட்டியே ஆகணும்னா?

எண்ணெய், பெயிண்ட் மாதிரி எதிலாவது விழுந்துவிட்டது, வயிற்றுப்போக்கு, சிறுநீர் ஒட்டி அடிப்பகுதி புண்ணாகிறது, வயதாகிப் பின்னங்கால் இழுத்துக்கொண்டதால் சுத்தம் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மட்டும். அப்போதும் முதலில் வெதுவெதுப்பான ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்துப் பாருங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தண்ணீர்தான் வேண்டும் என்றால், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். அடியில் ஒரு துண்டைப் போடுங்கள், கால் வழுக்கினால் எலி மிரண்டுவிடும். தலையில் ஊற்றக் கூடாது. காதில் தண்ணீர் போகக் கூடாது. வாசனையில்லாத, பூனைக்குட்டிக்கான ஷாம்பு ஒரு சொட்டு. அதையும் சுத்தமாக அலசிவிடுங்கள். ஒரு விதி மட்டும் மறக்காதீர்கள்: எலியின் ரோமத்தில் எதைத் தடவினாலும் அது சில நிமிடங்களில் எலியின் வயிற்றுக்குள் இருக்கும். நம் ஷாம்பு, டீ ட்ரீ ஆயில், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வேண்டாம். டால்கம் பவுடர் நுரையீரலுக்குப் போகும்.

துண்டில் சுற்றி, மடியில் வைத்தே காயவையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலிகளெல்லாம் எலிக்குக் கேட்கும். அந்த இரைச்சல் அதற்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

கோடையில் குளிர்விக்கத்தான் குளிப்பாட்டுகிறேன் என்பவர்களுக்கு வேறு வழி. தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர் ஊற்றி பச்சைப் பட்டாணியைப் போடுங்கள். பிடித்தால் எலி தானே இறங்கி மீன் பிடிப்பதுபோல் பிடித்துத் தின்னும். பிடிக்காவிட்டால் ஓரமாக நின்று பார்க்கும், அதுவும் சரி. கூண்டில் ஒரு தரை டைல், துணி சுற்றிய ஐஸ் பாட்டில் வைத்தால் வால் சூட்டை இறக்கிக்கொள்ளும். சென்னையின் மே மாத மதியத்தில் இது அவசியம்.

நகமும் வாலும்

நகம் கூர்மையாகித் துணியில் மாட்டினால் நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்த நாளம். பட்டுவிட்டால் சோள மாவை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். ஒருவர் துண்டில் சுற்றித் தின்பண்டம் கொடுக்க, இன்னொருவர் வெட்டுவது சுலபம். தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே ஒரு செங்கல் துண்டைப் போட்டுவிட்டால், குடிக்க வரும்போதெல்லாம் நகம் தானே தேயும். மஞ்சள் பல்லைப் பார்த்துப் பதறி பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அந்த நிறம்தான் ஆரோக்கியம், எனாமலில் உள்ள இரும்பின் நிறம்.

வாலில் செதில்களுக்கு இடையே பழுப்பு அழுக்கு சேரும். வயதான ஆண்களுக்கு அதிகம். மென்மையான குழந்தை டூத்பிரஷ்ஷை நனைத்து, அடியிலிருந்து நுனி நோக்கி மட்டும் துடையுங்கள், செதில் அந்தத் திசையில்தான் படிந்திருக்கும். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. நுனிப்பக்கம் பிடித்து எலி திமிறினால் தோல் உறைபோலக் கழன்று வந்துவிடும்.

சீர்படுத்தல் நின்றால்

எலி இரையாகும் பிராணி. நோயைக் கடைசிவரை மறைக்கும். ஆனால், ரோமம் பொய் சொல்லாது. பளபளப்பு போய், ரோமம் குத்திட்டு நின்று, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது தன்னைக் கவனிப்பதை விட்டுவிட்டது என்று அர்த்தம். ‘அழுக்கா இருக்கே’ என்று பலர் குளிப்பாட்டுவது சரியாக இந்த நேரத்தில்தான். அந்தக் குளியலைத் தாங்கும் சக்தி அப்போது அதற்கு இருக்காது.

கண், மூக்கைச் சுற்றிச் சிவப்பாக இருந்தால் ரத்தம் என்று பயப்படுவார்கள். அது ‘போர்ஃபிரின்’ என்ற நிறமி, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. ஆரோக்கியமான எலி உடனுக்குடன் துடைத்துவிடும் என்பதால் நம் கண்ணில் படாது. தூங்கி எழுந்ததும் லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை. நாள் முழுக்க இருந்தால் நோயோ மன அழுத்தமோ இருக்கிறது. ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்து, புற ஊதா விளக்கில் காட்டினால் இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் அப்படி ஒளிராது. மூச்சில் ‘கிளிக் கிளிக்’ சத்தமும் சேர்ந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இரண்டு, மூன்று வருடமே வாழும் பிராணிக்கு ஒரு வாரம் நீண்ட காலம்.

சொறிந்து சொறிந்து தோளில் பொருக்கு தெரிந்தால் பேன் அல்லது சிற்றுண்ணி இருக்கலாம். மருந்து எடையைப் பொறுத்தது, மருத்துவரே அளக்க வேண்டும். போவதற்கு முன் போன் செய்து “எலி பார்ப்பீங்களா?” என்று கேட்டுவிடுங்கள், நாய், பூனை மட்டுமே பார்க்கும் கிளினிக்குகளும் உண்டு.

நம் பக்கமும் ஒரு வார்த்தை. எலிக் காய்ச்சல் சிறுநீர் வழியே பரவும் என்பதால், பால்கனியில் வைத்த கூண்டைத் தெரு எலி நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமான எலியின் வாயிலும் ‘எலிக்கடிக் காய்ச்சல்’ கிருமி இருக்கலாம். கடியோ கீறலோ பட்ட சில நாட்களில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால், வீட்டில் எலி இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2017இல் அமெரிக்காவில் செல்ல எலிகள் வழியாக ‘சியோல்’ வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றியது. கூண்டைச் சுத்தம் செய்த பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கூண்டுத் தட்டையோ எலியையோ, அந்த ரீல்ஸில் வருவதுபோல பாத்திரம் கழுவும் சிங்க்கில் கழுவ வேண்டாம். தனியாக ஒரு பிளாஸ்டிக் டப் வாங்கி வையுங்கள்.